பூசை இல்லாத இரண்டு நாட்கள்

மனைவி இறந்து ஒரு வருடம் ஆகப்போகும் நேரம். அவளுடைய ஊர்க் கோயிலில் அவள் பெயருக்கு ஒரு பூசை வைக்க வேண்டும். அதற்காகத்தான் தேனிப் பக்கம் போனேன். ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ஆனால் பதினாலு வருடம் அவளோடு வாழ்ந்தும், அவள் ஊரில் நான் தங்கிய நாட்களைக் கூட்டினால் ஒரு வாரம்கூடத் தேறாது. அதனால் எல்லாமே எனக்குப் புதிதாக இருந்தது.

ஜெசிந்தா கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். நான் இந்து. இன்னும் சரியாகச் சொன்னால் எதிலும் பெரிய ஈடுபாடு இல்லாதவன். சென்னையில் லிஃப்ட் பராமரிப்பு வேலை. பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டோம். ஞாயிற்றுக்கிழமை அவளைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, காய்கறி வாங்கிக்கொண்டு வந்து, பூசை முடிந்ததும் கூட்டிப்போவேன். அதையே என் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை மத்தியானம் தேனியில் பஸ் மாறினேன். சின்னமனூருக்குக் கொஞ்சம் முன்னால் இஞ்சினிலிருந்து புகை வந்தது. ஓட்டுநர் ஓரங்கட்டிவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் குடத்தை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குத் தண்ணீர் எடுக்கப் போனார். சென்னையாக இருந்தால் இந்நேரம் பத்துப் பேர் நடத்துனரைச் சூழ்ந்திருப்பார்கள். இங்கே எல்லோரும் இறங்கி, திராட்சைப் பந்தல் ஓரமாக நிழல் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள். மேற்கே மலை, தொட்டுவிடலாம் போல நின்றது.

பக்கத்தில் உட்கார்ந்த பெண் கூடையிலிருந்து ஒரு கொத்து கறுப்புத் திராட்சையை எடுத்து என் கையில் வைத்தார். "விதை கெடக்கும், துப்பிருங்க." எந்த ஊர், யார் வீட்டுக்கு என்று கேட்டார். பிலோமினா டீச்சர் வீட்டுக்கு என்றேன். அவர் முகம் மாறியது.

"அப்ப ஜெசி வீட்டுக்காரரா நீங்க?"

ஆமாம் என்றேன்.

"பாவம், சின்ன வயசு. ஆனா நல்ல சாவு சார். பூசுதல் எல்லாம் வாங்கித்தான் போனாளாம். டீச்சர் சொன்னாக. அந்தக் குடுப்பினை எத்தன பேருக்குக் கெடைக்கும்?"

பூசுதல் என்பது நோயாளிக்குச் சாமியார் எண்ணெய் பூசி வேண்டும் சடங்கு. அவ்வளவு எனக்குத் தெரியும். ஜெசிந்தாவுக்கு அது நடக்கவில்லை என்பதும் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் திராட்சை விதையைத் துப்பினேன். ஓட்டுநர் தண்ணீரோடு வந்தார். வண்டி கிளம்பியது.

பிலோமினா ஜெசிந்தாவின் ஒரே அக்கா. எனக்கு மதினி. உள்ளூர்ப் பள்ளியில் ஆசிரியை. அவர் கணவருக்கு மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் இறங்கி வருவார். அவர்களுக்குப் பெற்றோர் இல்லை, எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஜெசிந்தாவைப் பற்றிப் பேச எனக்கு அவரும் அவருக்கு நானும்தான் மிச்சம்.

"வாங்க தம்பி. பஸ்சு நின்னுருச்சாமே?" என்றார். எனக்கு முன்னால் செய்தி வந்து சேர்ந்திருந்தது.

ராச்சாப்பாடு வைக்கும்போது என் ஏற்பாட்டைச் சொன்னேன். வெள்ளிக்கிழமைதான் அவள் இறந்த தேதி. காலையில் பூசை. மத்தியானம் சொந்தக்காரர்களுக்குச் சாப்பாடு. கம்பத்தில் ஒரு கடையில் ஐம்பது பேருக்குக் கோழி பிரியாணி சொல்லியாகிவிட்டது.

மதினி கரண்டியோடு அப்படியே நின்றார். "தம்பி, இந்த வெள்ளிக்கிழமை பெரிய வெள்ளி."

"தெரியும். லீவுதானே, அதனாலதான் எனக்கும் வசதியாப் போச்சு."

"அன்னைக்குப் பூசையே கெடையாது. பிரியாணியா? அன்னைக்கு ஒருசந்தி. ஒரு வேளதான் சாப்பாடு, அதுவும் கவுச்சி இல்லாம."

ஒரு வருடமாகத் தொலைபேசியில் பேசியிருக்கிறோம். வருகிறேன் என்று சொன்னேனே தவிர, எந்த நாளில் என்ன செய்யலாம் என்று நான் கேட்கவேயில்லை. கேட்கத் தோன்றவில்லை. பிரியாணிக் கடைக்குப் போன் செய்து வேண்டாம் என்றேன். எதிர்முனையில் இருந்தவர், "பெரிய வெள்ளிக்கு ஆர்டர் வந்ததும் எங்களுக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு பாய்" என்றார். அவர் யாரென்று நினைத்து என்னைப் பாய் என்றாரோ தெரியாது.

வியாழக்கிழமை காலை நேரே கோயிலுக்குப் போனேன். பேசிப் பார்த்தால் நடக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது. எங்கள் வேலையில் அப்படித்தான். லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டால் தீபாவளி என்றாலும் ஒருவன் போக வேண்டும். கோயில்பிள்ளை அந்தோணி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, பீடத்துக்குத் துணி விரிப்பது என்று கோயிலின் எல்லா வேலைகளுக்கும் அவர்தான்.

"நாளைக்கும் கெடையாது, நாளான்னைக்குப் பகல்லயும் கெடையாது சார்" என்றார்.

"ஒரே ஒரு பூசை. சின்னதா."

"இங்கன மட்டும்னு இல்ல சார். ஒலகம் பூரா கெடையாது. ரோமாபுரியிலயும் கெடையாது."

சாமியார் வெளியே வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர், ஆண்டிபட்டிப் பக்கத்துக்காரர் என்று மதினி சொல்லியிருந்தார். உட்காரச் சொல்லிப் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார். பூசை என்பது ஏசு தன்னைக் கொடுத்ததை மறுபடி கண்முன் நிறுத்துவது. அவர் உண்மையிலேயே இறந்த நாளை நினைவுகூரும்போது, திருச்சபை பூசை வைக்காமல் வெறுங்கையோடு நிற்கிறது. அந்த நாள் நிலவை வைத்துக் கணக்கிடுவது என்பதால் வருடத்துக்கு வருடம் தேதி மாறும்.

என் அம்மாவின் திதியும் நிலவை வைத்துத்தான் வருகிறது என்றேன். ஆனால் திதி வந்துவிட்டால் எந்த ஐயரும் இன்றைக்கு முடியாது என்று சொல்ல மாட்டார் என்றும் சொன்னேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "பேரை எழுதிக் குடுங்க. திங்கக்கிழமை காலையில உங்க மனைவிக்காகப் பூசை வைக்கிறேன்."

திங்கட்கிழமை நான் வேலையில் இருக்க வேண்டும். பெயரை எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது அவளுடைய ஞானஸ்நானப் பெயர் இதுதானா, வேறு ஏதாவதா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. பதினாலு வருடம்!

சாயங்காலம் மதினி கூப்பிட்டதால் வியாழன் பூசைக்குப் போனேன். என் வாழ்க்கையில் முழுதாக உட்கார்ந்து பார்த்த முதல் பூசை அதுதான். தொடக்கத்தில் ஒரு பாட்டின்போது கோயிலில் இருந்த மணிகள் அத்தனையும் சேர்ந்து அடித்தன. மேலே கோபுரத்து மணி, பீடத்தில் இருந்த கைமணி, எல்லாம். பாட்டு முடிந்ததும் நின்றன. "இனி சனிக்கிழம ராத்திரி வரைக்கும் மணி கெடையாது. மரக்கட்டையத்தான் தட்டுவாக" என்று மதினி மெதுவாகச் சொன்னார்.

பிறகு பன்னிரண்டு பேரை முன்னால் உட்காரவைத்து, சாமியார் ஒவ்வொருவர் காலையும் கழுவினார். ஆறு பேர் பெண்கள். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் ஏறிப் போய்வருகிற பெண்கள் என்று கால்களைப் பார்த்தாலே தெரிந்தது. வெடித்த குதிகால், அட்டை கடித்த கறுப்புத் தழும்புகள். ஒரு பெண் வெட்கப்பட்டுக் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். சாமியார் முழங்காலில் அப்படியே காத்திருந்தார். கோயிலே காத்திருந்தது. கடைசியில் அவர் காலை நீட்டினார். சாமியார் கழுவி, துடைத்து, குனிந்து முத்தமிட்டார். அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். வார்த்தையில்லாமல் ஒரு விஷயத்தைச் செய்து காட்டினால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. நான் சென்னையில் வண்டியில் உட்கார்ந்து வெண்டைக்காய் முற்றலா என்று ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளே என்ன நடந்துகொண்டிருந்தது என்று முதல்முறையாக யோசித்தேன்.

அப்பம் வாங்க எல்லோரும் வரிசையில் எழுந்தார்கள். இந்தப் பக்கம் அதை 'நன்மை வாங்குவது' என்கிறார்கள். மதினியும் போய்வந்தார். எங்கள் பெஞ்சில் நானும், சுவர் ஓரமாக ஒரு நடுத்தர வயதுப் பெண்ணும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். அவர் தலை நிமிரவேயில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "அந்த அம்மா ஏன் போகலை?"

"அவுக கோயில் கல்யாணம் பண்ணிக்கல. அப்படி இருந்தா வாங்க முடியாது." கொஞ்ச தூரம் நடந்த பிறகு மதினி சொன்னார், "நம்ம ஜெசியும் வாங்க மாட்டாளே. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது.

"பதினாலு வருசம் பூசைக்குப் போனா. ஒரு தடவகூட எந்திரிச்சுப் போகல. கடைசி பெஞ்சுலயே உக்காந்துட்டு வந்துருவா."

"அதுக்கு நான் மதம் மாறணுமா?"

"மாறவே வேணாம் தம்பி. நீங்க நீங்களா இருக்கலாம். ஒரு நாள் அவகூடக் கோயிலுக்கு வந்து, சாமியார் முன்னாடி சம்மதம்னு சொல்லி, ஒரு கையெழுத்து. ஆயர்ட்ட அனுமதி வாங்கிக் குடுத்துருப்பாக. அரை மணி நேர வேல. அவ உங்ககிட்டக் கேட்டதாச் சொன்னாளே."

கேட்டாள். கல்யாணமான இரண்டாவது வருடம். நமக்கு அரசாங்கமே சான்றிதழ் கொடுத்தாகிவிட்டது, இன்னொருவர் முன்னால் நின்று எதற்கு என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னதாக நினைவு. அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. அவள் கேட்டது எதற்காக என்று அவளும் சொல்லவில்லை, நானும் விசாரிக்கவில்லை. எழுநூறு ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கும். ஒவ்வொரு முறையும் மற்றவர்கள் எழுந்து போகும்போது கால்களை ஒதுக்கி வழிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். பிறகு வெளியே வந்து, "வெண்டைக்காய் கிடைச்சுதா?" என்று கேட்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. அவள் தேதி. மணிச் சத்தம் இல்லை. காலையில் சிலுவைப்பாதை ஊர்வலம் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போனது. எட்டு மணிக்கே வெயில் உறைத்தது. முடிவில் கோயில் வளாகத்தில் எல்லோருக்கும் கஞ்சியும் பயறும் தேங்காய்த் துவையலும் கொடுத்தார்கள். கேரளாவிலிருந்து வாழவந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தார். "எங்கட நாட்டுல கஞ்சிக்குச் சக்க, பலாக்கா, கூட்டும் உண்டு" என்று தமிழும் மலையாளமும் கலந்து சொல்லி, எனக்கு இன்னொரு கரண்டி பயறு வைத்தார். எங்கள் வீட்டில் வருடத் திதி என்றால் வடை, பாயசம், இலை நிறையச் சாப்பாடு. இன்று அவளுக்காக நான் குடித்தது உப்புப் போட்ட கஞ்சி. இலையில் வைத்த பயறை வீணாக்கக்கூடாது என்று தின்றேன்.

மூன்று மணிக்கு வழிபாடு. பீடத்தில் துணி இல்லை, மெழுகுவர்த்தி இல்லை, பூ இல்லை. சாமியார் சிவப்பு உடையில் வந்தார். ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் குப்புற விழுந்து கிடந்தார். எல்லோரும் முழங்காலில் இருந்தார்கள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. துக்க வீட்டில் முதல் நாள் நாம் என்ன பேசுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்போமே, அது மாதிரி. இதை யாரோ ஆயிரம் வருடத்துக்கு முன்பே புரிந்துகொண்டு ஒழுங்குசெய்து வைத்திருக்கிறார்கள்.

ஏசுவின் பாடுகளின் வரலாற்றை வாசித்த பிறகு, பத்து மன்றாட்டுகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் முழங்காலிடச் சொன்னார்கள், பிறகு எழச் சொன்னார்கள். ஏழாவது, கிறிஸ்துவை நம்பாதவர்களுக்காக. எட்டாவது, கடவுளையே நம்பாதவர்களுக்காக. இரண்டில் எதில் என்னைச் சேர்ப்பது என்று தெரியாமல் இரண்டுக்கும் முழங்காலிட்டேன். எனக்காக இவர்கள் வருடா வருடம் முழங்காலிட்டிருக்கிறார்கள். அவளும் இட்டிருப்பாள். இறந்தவர்களுக்கான மன்றாட்டு வரும், அப்போது அவள் பெயரை மனதுக்குள் சொல்லலாம் என்று காத்திருந்தேன். வரவில்லை. பத்தாவதில் நோயாளிகள், பயணம் செய்பவர்கள், சாகும் தறுவாயில் இருப்பவர்கள் என்று வந்தது. அதோடு முடிந்தது. இறந்தவர்களுக்கென்று தனியாக இல்லை. அவள் சாகும் தறுவாயில் இருந்தபோது இந்த வரி அவளுக்குப் பொருந்தியிருக்கும். இப்போது காலம் கடந்துவிட்டது.

சிலுவையை முத்திசெய்ய வரிசை தொடங்கியது. "இதுக்கு எல்லாரும் வரலாம் சார்" என்று அந்தோணி வந்து சொன்னார். போனேன். எனக்கு முன்னால் முத்தமிட்டவர்களின் எச்சிலை ஒரு கன்னியாஸ்திரி துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். குனிந்து மரத்தில் உதடு வைத்தேன். ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை. மரம் ஈரமாக இருந்தது. பின்னால் வந்தவர் என் முதுகில் இடித்தார். நகர்ந்தேன். கடைசியில் ஆசீர்வாதம் இல்லை, பாட்டு இல்லை. ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள்.

இருட்டுவதற்கு முன், மதினி வீட்டில் பீடத்துத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை இரவுப் பூசைக்கு அவற்றைத் துவைத்துத் தேய்த்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும்னு ஒரு வருசமா நெனைக்கிறேன். பூசுதல் குடுத்தப்ப அவ நெனவாத்தான் இருந்தாளா? பாவத்தையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணுனாளா? சாகக் கெடக்கையில எல்லாத் தடையும் போயிரும். நன்மையும் குடுப்பாக. பதினாலு வருசம் கழிச்சு அவ நன்மை வாங்குனப்ப மொகம் எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும்."

மதினி அடக்கத்துக்குத்தான் சென்னைக்கு வந்தார்; ஆஸ்பத்திரியில் நடந்ததை அவர் பார்க்கவில்லை. அங்கத்திச் சாமியார் கல்லறையில் நின்று ஜெபித்ததைப் பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்கும் அவர் வந்திருப்பார் என்று தானாகவே நினைத்துக்கொண்டார். நானும் மறுத்துச் சொல்லவில்லை.

"வரலை மதினி" என்றேன். "நான் கூப்பிடலை."

அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. "அவ கேக்கலையா?"

"கேட்டா."

"எத்தன தடவ?"

"ரெண்டு தடவ."

"நீங்க என்ன சொன்னீக?"

"முதல் தடவ நாளைக்குன்னு சொன்னேன். ரெண்டாவது தடவ ஞாயித்துக்கிழமைன்னு சொன்னேன்."

கோயில் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. என் பயம் இதுதான்: சாமியார் படுக்கை அருகே வந்து நின்றால், நீ பிழைக்க மாட்டாய் என்று நானே அவளிடம் சொன்ன மாதிரி ஆகிவிடும். அவள் பயந்துவிடுவாள். நான் அவளைக் கைவிட்டுவிட்டேன் என்று நினைப்பாள். அதனால் தள்ளிப்போட்டேன். வியாழக்கிழமை விடிகாலையில் அவள் நினைவு தப்பியது. மத்தியானம் போய்விட்டாள். இதையெல்லாம் மதினியிடம் சொன்னேன்.

அவர் கடைசித் துணியையும் மடித்து அடுக்கின் மேல் வைத்தார். "ஒரு வருசமா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். ஜெசி எல்லாம் வாங்கித்தான் போனான்னு." துணிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சனிக்கிழமை காலை நான் எழுந்தபோது அவர் வீட்டில் இல்லை. மேசையில் எனக்கு இட்லி மூடி வைத்திருந்தது. சாப்பிடாமல் அவருடைய ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். அப்பம் வைக்கும் நற்கருணைப் பேழை திறந்து கிடந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. எப்போதும் எரியும் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. வாசலில் தீர்த்தத் தொட்டி வறண்டிருந்தது. அந்தோணி தரையில் சொட்டியிருந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு என்ன சடங்கு?" என்று கேட்டேன்.

"ராத்திரி வரைக்கும் ஒண்ணும் கெடையாது சார். அவரு கல்லறையில கெடக்காரு. நாம சும்மா இருக்கணும்."

அப்போது அவர் போன் அடித்தது. பேசிவிட்டுச் சுரண்டியைப் போட்டுவிட்டுச் சாமியார் வீட்டுக்கு ஓடினார். இரண்டு நிமிடத்தில் சாமியார் வெள்ளை அங்கியின் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். தேவாரம் போகிற வழியில், மலையடிவாரத்தில் ஒருவருக்கு மூச்சு வாங்குகிறதாம். அவருடைய பைக்கை உதைத்தார், உதைத்தார், கிளம்பவில்லை. அந்தோணிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. மதினி வீட்டு ஸ்கூட்டரின் சாவி என் பையில் இருந்தது.

"நான் கொண்டுபோய் விடுறேன்" என்றேன்.

சாமியார் கழுத்தில் ஒரு சின்னப் பையை மாட்டி அங்கிக்குள் விட்டுக்கொண்டார். "நன்மை இருக்கு. இதை வச்சுக்கிட்டு வழியில பேச மாட்டேன். தப்பா நினைக்காதீங்க."

இன்று யாருக்குமே நன்மை கிடையாது, சாகக் கிடப்பவர்களுக்கு மட்டும் உண்டு என்று அந்தோணி எனக்குச் சொல்லிவிட்டார். வண்டியை ஓட்டிக்கொண்டே அதை யோசித்தேன். உலகம் முழுக்கப் பேழையைக் காலிசெய்து, விளக்கை அணைத்துவிட்ட நாளிலும், ஒரு துண்டை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். யாராவது கூப்பிடுவார்கள் என்று.

குச்சனூர் பிரிவில் வண்டிகள் நின்றுவிட்டன. சனிக்கிழமை, சனீஸ்வரர் கோயில் கூட்டம். வேன்கள், ஆட்டோக்கள், எள் விளக்குத் தட்டோடு நடந்துபோகிறவர்கள். நான் ஹார்னை அமுக்கிக்கொண்டே இருந்தேன். கறுப்பு வேட்டி கட்டிய ஒருவர் திட்டுவதற்காகத் திரும்பினார். பின்னால் இருந்த வெள்ளை அங்கியைப் பார்த்தார்.

"ஏலே, வேனை ஒதுக்குங்கடா! சாமியார் அவசரமாப் போறாக, யாருக்கோ முடியல போல."

வேன் ஒதுங்கியது. போனோம்.

ஒற்றை அறை வீடு. கட்டிலில் கிடந்தவர் முப்பது வருடம் மலைக்கு ஜீப் ஓட்டியவராம். நெஞ்சுக்கூடு ஏறி இறங்கியது. எல்லோரையும் வெளியே நிற்கச் சொல்லி, சாமியார் அவர் வாயருகே காதை வைத்துக் கேட்டார். பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டார். இரண்டு கைகளையும் அவர் தலைமேல் வைத்து ஒன்றும் பேசாமல் நின்றார். எண்ணெயை நெற்றியில் பூசினார். உள்ளங்கைகளை விரித்து இரண்டிலும் பூசினார். அவரை மீட்டு எழுப்பிவிட வேண்டும் என்று ஜெபம் சொன்னார். அப்பத்தில் சின்னத் துணுக்கை நாக்கில் வைத்து, கரண்டியில் தண்ணீர் விட்டார். அவர் மனைவி பக்கத்தில் முழங்காலில் இருந்தார். எல்லாம் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

நான் அந்த மனிதரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். பயம் இல்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, இழுத்து இழுத்துக் கேட்டார்: "எந்த ரோட்டுல வந்தீக... அந்தப் பாலத்துப் பள்ளத்த மூடிட்டாகளா?"

"இன்னும் மூடலைங்க" என்றேன்.

அவர் உதடு சிரிப்பதுபோல் அசைந்தது. மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வந்து ஸ்கூட்டர் அருகில் நின்றேன். அவர் மனைவி பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நேரத்துக்குக் கூட்டியாந்து சேத்தீக. நல்லாருப்பீக சார். இதை மறக்க மாட்டேன்." எனக்குக் கையை உருவிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அவர் விடவில்லை.

திரும்பும்போது சாமியார் பேசினார். நான் கேட்டதால் சொன்னார். "சாவுக்கு முன்னாடி செய்யுறது இல்லைங்க இது. நோய்க்கு. குணமாகணும்னுதான் கேக்குறோம். அந்தக் காலத்துல அவஸ்தைப் பூசுதல்னு பேர் வச்சதால சனங்க பயந்துட்டாங்க. எண்ணெய் பூசி எழுந்து நடந்தவங்க இந்த ஊர்லயே உண்டு."

வண்டியை ஓரமாக நிறுத்தி ஜெசிந்தாவைப் பற்றிச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் கேட்டார். அவள் ஆசைப்பட்டதையே கடவுள் ஏற்றுக்கொள்வார் என்று சொன்னார். நல்ல மனிதர். உண்மையாகத்தான் சொன்னார். ஆனால் ஜெசிந்தாவுக்குத் தேவைப்பட்டது அந்தப் பத்து நிமிடம். அவள் நெற்றியில், அவள் உள்ளங்கையில். அதைக் கொடுக்க ஒருவர் இரண்டு தெரு தள்ளித் தயாராக இருந்தார். நடுவில் நான் நின்றுகொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது மதினி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஸ்கூட்டர் எங்கே போனது என்று கேட்டார். நேற்று இரவுக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு அது. சொன்னேன், யார், எந்த வீடு, எவ்வளவு சீக்கிரம் போனோம் என்று. கொஞ்சம் ஆர்வமாகவே சொல்லிவிட்டேன் போல.

அவர் கொடியில் துணியை இழுத்து நேராக்கினார். "அங்கன போகத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

பிறகு நிதானமாகச் சொன்னார்: "திங்கக்கிழமைப் பூசைக்கு நான் போய்க்கிறேன். நீங்க சிரமப்பட வேணாம். இனிமேலும் இவ்வளவு தூரம் அலைய வேணாம் தம்பி." குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

சாயங்காலம் நாலு மணி பஸ்ஸுக்குப் பையை எடுத்தேன். அவர் தேய்த்த துணிகளோடு கோயிலுக்குப் போயிருந்தார். வீட்டைப் பூட்டிச் சாவியைச் சன்னல் கம்பியில் மாட்டிவிட்டுப் போகச் சொல்லியிருந்தார். பூட்டினேன். மாட்டினேன். பஸ் நேரத்துக்கு வந்தது.